எண்ணிட்ட பலகைகள்

ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டிய வயதில் எனக்கு வாய்த்தது திருவிழா ரங்கராட்டினம்தான். நாலு மரப்பெட்டிகள், கையால் தள்ளிச் சுற்றுகிற ஆள், உச்சிக்குப் போனதும் அடிவயிற்றில் ஒரு சில்லிப்பு. அதற்கே கண்ணை மூடிக்கொள்வேன். பிற்பாடு பெரிய பூங்காக்களும் அவற்றின் விளம்பரங்களும் வந்தபோது, காசு கொடுத்துப் பயத்தை வாங்கும் கூட்டத்தின் பேரில் எனக்கு ஓர் இளப்பம் ஏற்பட்டுப்போயிற்று. மர்ம நாவலுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று நினைத்திருந்தேன். முடிவு முன்கூட்டியே தெரிந்த பயம். இறங்கி நாலடி நடந்தால் ஒன்றும் மிஞ்சாது. 2019 ஜூலையில் பென்ஸில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தபோது, "கெனோபெல்ஸ் போகலாம்ப்பா, மரத்தால் கட்டினது, உங்களுக்குப் பிடிக்கும்" என்று அவள் சொன்னாள். பேத்திக்காகத்தான் சம்மதித்தேன்.

அந்த மாநிலத்தின் நடுப்பகுதியில், எலிஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். சுற்றிலும் நிலக்கரிப் பிரதேசம். போகிற வழியில் சென்ட்ரேலியா. 1962இல் அங்கே நிலத்தடிச் சுரங்கத்தில் பற்றிய தீ இன்றும் அணையவில்லை. அநேகமாக எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் இல்லை. இதைப் பார்த்துவிட்டுக் கேளிக்கைக்குப் போவது ஏதோ துக்க வீட்டிலிருந்து நேராகக் கல்யாணத்துக்குப் போவதுபோல் இருந்தது.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தவும் காசு கேட்கவில்லை. 1926இல் ஒரு நீச்சல் குளத்தோடு ஆரம்பித்ததாம்; அதே குடும்பம்தான் இன்னும் நடத்துகிறது. பெரிய மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு நடுவே யந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். குறுக்கே ஓர் ஓடை. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேஜை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நாங்களும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியாகக் காகிதச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, போட்ட பணத்தை வசூல் செய்யும் வெறியில் ஓடுகிறவர்கள் அதிகம் கண்ணில் படாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் நிறைய. 1913இல் செய்த குதிரை ராட்டினம் ஒன்று இருக்கிறது. வெளிவரிசைக் குதிரைகளில் இருப்பவர்கள் சுற்றும்போதே கையை நீட்டி, ஒரு நீண்ட கரத்தின் நுனியிலிருந்து இரும்பு வளையங்களைப் பிடுங்க வேண்டும். எப்போதோ ஒன்று பித்தளையாக வரும். அது கிடைத்தவருக்கு இன்னொரு சவாரி இலவசம். பேத்திக்குக் கை எட்டவில்லை. எனக்கு எட்டியது. மூன்று சுற்றிலும் இரும்புதான்.

இனி பீனிக்ஸ். வரிசையில் நிற்கும்போது மகள் அதன் கதையைச் சொன்னாள். பிலடெல்பியா டொபாகன் கம்பெனிக்காக ஹெர்பர்ட் ஷ்மெக் என்பவர் வடிவமைத்து, 1947இல் டெக்ஸாஸில், ஸான் அன்டோனியோ நகரத்துப் பூங்காவில் கட்டியது. அப்போது அதன் பெயர் ராக்கெட். 1980இல் அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். ராக்கெட் நாலைந்து வருஷம் வெயிலில் சும்மா நின்றது. கெனோபெல்ஸ்காரர்கள் அதை விலைக்கு வாங்கி, கழற்றி, சாலை வழியே ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல் கொண்டுவந்து, 1985 ஜூனில் இங்கே ஓட விட்டார்கள். விசேஷம் என்னவென்றால் மூல வரைபடம் கிடைக்கவில்லை. ஆகவே கழற்றுகிறபோதே ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் போட்டு, எது எதோடு சேரும் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்தே மறுபடி எழுப்பினார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் நம்பர்ப்பா" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

எரிந்து சாம்பலாகி எழுகிற பறவையின் பெயரை வைத்திருக்கிறார்கள். இது எரியவில்லை. கழற்றப்பட்டது; மறுபடி பூட்டப்பட்டது. தச்சு வேலைக்குக் காவியப் பெயர் சூட்டுவது எங்கேயும் இருக்கிற பலவீனம் போலிருக்கிறது.

வண்டி கிளம்பியதும் முதலில் இருட்டு. ஒரு சுரங்க வழி. எதிரில் இருப்பவர் தலைகூடத் தெரியவில்லை. யாரோ ஒரு பையன் சும்மாவாவது கத்துகிறான். வெளியே வந்ததும் சங்கிலி வண்டியைக் கவ்வி மேலே இழுக்கிறது. டக், டக், டக் என்று ஓர் ஓசை, வழி நெடுக. அது சங்கிலியின் ஓசை இல்லை. சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் சரியாமலிருக்க, அடியில் ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே வருகிறது. ஆபத்து இல்லை என்று சொல்வதற்காக ஏற்பட்ட ஓசை. எல்லோருக்கும் பீதி தருவது அதுதான். உச்சி எழுபத்தெட்டு அடி. எங்கள் கீழவீதிக் கோபுரம் இதைவிட உயரம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். கோபுரத்திலிருந்து யாரும் என்னைத் தள்ளியதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதல் இறக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் வரும் சின்னச் சின்ன மேடுகளைப்பற்றிச் சொல்ல முடியும். தொடைக்கு மேலே இருவருக்கும் பொதுவாக ஓர் இரும்புக் கம்பி. அது உடம்பை இறுக்குவதில்லை, நடுவில் இடைவெளி விட்டுவிடுகிறது. மேட்டின் முதுகில் தண்டவாளம் கீழே வளைகிறபோது வண்டியும் கூடவே வளைகிறது. வளைய வேண்டும் என்று நம் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. அது தான் போய்க்கொண்டிருந்த வழியிலேயே போகப் பார்க்கிறது. ஆக, விழுவது நாம் இல்லை, இருக்கைதான் நம்மைவிட்டு விழுகிறது. அரை நொடி ஒன்றின்மேலும் உட்காராமல் இருந்தேன். வண்டியும் மேலே எழும்பிவிடாதபடி தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரங்கள் உண்டு. ஜான் மில்லர் என்பவர் 1919இல் பதிவு செய்த உத்தி. அதற்கு முந்தியவை மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. நான் கத்தினேன் என்று மகள் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கால் நடுக்கம் அடங்கும்வரை மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கடக்கும்போது மொத்தச் சட்டமும் லேசாக அசைகிறது. அசைய வேண்டும், விறைத்து நின்றால்தான் ஆபத்து. இது முதலில் கேளிக்கைக்காகத் தோன்றிய யந்திரமும் அல்ல. அங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி தூரத்தில் மாக் சங்க் என்ற பழைய ஊர், இப்போது ஜிம் தார்ப். 1827இல் மலைமேல் சம்மிட் ஹில்லிலிருந்து நிலக்கரியை இறக்க அங்கே ஒன்பது மைலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. கரி தன் எடையாலேயே இறங்கியது. காலி வண்டிகளை மேலே இழுத்துப்போகக் கோவேறு கழுதைகள். அவையும் இறக்கத்தில் வண்டியில் ஏறிக்கொண்டு கரிக்குப் பின்னாலேயே வந்தன. வண்டியில் இறங்கிப் பழகிய கழுதைகள் அதற்கப்புறம் மலையிலிருந்து நடந்து இறங்க மறுத்துவிட்டன என்று ஒரு கதை உண்டு. நான் அறிந்தவரையில் ரோலர் கோஸ்டரின் முதல் ரசிகர்கள் அந்தக் கழுதைகள்தாம். பின்னால் நீராவியால் மேலே இழுத்தார்கள். சரியாமல் பிடிக்கும் பற்கள் அங்கேயே வந்துவிட்டன. கரிக்கு வேறு வழி கிடைத்ததும், 1870களிலிருந்து 1933 வரை, அதே பாதையில் ஜனங்கள் காசு கொடுத்து வெறுமனே இறங்கினார்கள். 1884இல் லமார்கஸ் தாம்ஸன் கோனி ஐலண்டில் ஐந்து ஸென்ட்டுக்கு ஒரு சரிவுப் பாதை வைத்தபோது, விழுவதை விற்கலாம் என்பது ஏற்கனவே நிரூபணமாகியிருந்தது. கரி தோண்டியவர்களின் பேரன்கள் பீனிக்ஸில் கையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சுரங்கத்து லிஃப்டில் இறங்கியபோது அவர்களுடைய தாத்தாக்கள் கையைத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் ட்விஸ்டர் என்ற இன்னொன்றில் ஏறினோம். 1999இல் கட்டியது. டென்வர் நகரத்தில் 1960களில் ஜான் ஆலன் வடிவமைத்த ஒன்றைக் கொண்டுவர ஆசைப்பட்டு, அது முடியாததால் அதன் வரைபடத்தைத் தழுவி இங்கேயே புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். இடம் போதாமல், ஒரே ஏற்றத்தை இரண்டாக உடைத்து நடுவில் திருப்பியிருக்கிறார்கள். பீனிக்ஸைவிட உயரம், சுற்றலும் அதிகம். இருந்தும் எனக்கு அது ஒட்டவில்லை. நல்ல தழுவல், இடத்துக்கேற்ப மாற்றத் தெரிந்த கை. எனக்கு இருந்த மனக்கோணலால் அப்படிப் பட்டதோ என்னவோ. இன்னொன்று ஃப்ளையிங் டர்ன்ஸ். தண்டவாளமே இல்லாத மரத் தொட்டியில் வண்டி தானாகச் சரிந்து ஓடும். 1929இல் தோன்றி முற்றிலும் அழிந்துபோன ஜாதி அது. அதை மறுபடி செய்து பார்க்க 2006இல் ஆரம்பித்தவர்கள் 2013இல்தான் ஆட்களை ஏற்றினார்கள். ஏழு வருஷம். ஏறுமுன் எடை பார்க்கிறார்கள். என் எடையை மகள் உரக்கப் படித்தாள்.

மரபு என்பது இடம் பெயர்க்க முடியாத சமாசாரம் என்று ஒரு காலத்தில் நான் எழுதியிருக்கிறேன். வேரோடு பிடுங்கி வேறு மண்ணில் வைத்தால் அது காட்சிப் பொருளாகிவிடும் என்று. கட்டுரையை நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள். பீனிக்ஸ் காட்சிப் பொருளாகிவிடவில்லை. தினமும் விடியலில் தச்சர்கள் பாதையில் நடந்து, இற்ற பலகையை எடுத்துப் புதுசு போடுகிறார்கள். 1947இன் மரம் அதில் எவ்வளவு பாக்கி என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஓலை நைந்துபோகுமுன் புது ஓலையில் பெயர்த்து எழுதுகிற காரியம்தான். ஆனால் பெயர்த்து எழுதவும் பழைய ஓலை கையில் இருக்க வேண்டும். வரைபடம் இல்லாத இடத்தில் அந்த மரங்களேதான் வரைபடம்.

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. 1994இல் எங்கள் பூர்வீக வீட்டை நான் விற்றேன். மனை ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு. திண்ணைத் தூண்கள், முற்றத்து உத்தரங்கள், நிலைக்கதவு எல்லாமே தேக்கு. மர வியாபாரி விலை பேசிவிட்டுப் போனான். கழற்ற வந்த ஆசாரிக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பாதான் அந்த முற்றத்துக்குக் கூரை கட்டியவர். முதல் நாள் காலை என்னிடம் வந்து, "நம்பர் போட்டு வச்சுரட்டுங்களா தம்பி? கழட்டறப்பவே போட்டுட்டா, நாளைக்கு எங்கே வேணும்னாலும் அப்படியே நிறுத்திக்கலாம்" என்றார். ஒரு கையில் சுண்ணாம்புக் கட்டி வைத்திருந்தார்.

எனக்கு மதியம் பஸ். "அதெல்லாம் எதுக்குங்க, விறகுக்குப் போறது போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று நின்றுவிட்டுக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் தூண்கள் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எங்களுடையது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

இருட்டியபின் மகள் கடைசிச் சீட்டுகளைக் கொடுத்து, "இன்னொரு தடவை போங்கப்பா, ராத்திரிதான் நல்லாருக்கும்" என்றாள். பேத்தி அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். தனியாகப் போனேன். பக்கத்தில் என் வயதை ஒத்த ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். கம்பியை இறக்கியதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல. சங்கிலி பிடிக்கிற இடத்தில் விளக்கு வெளிச்சம் சட்டங்களின்மேல் விழுந்தது. வெள்ளை வர்ணம் அடித்திருந்தார்கள். எங்காவது ஒரு மரத்தில் பழைய எண் தெரிகிறதா என்று உச்சிவரை பார்த்துக்கொண்டே போனேன். வர்ணம்தான் தெரிந்தது.

திரும்பும்போது காரில், "என்னப்பா, பிடிச்சிருந்ததா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயதில் அந்த முற்றத்தில் பாண்டி ஆடியது ஞாபகமிருக்கும். ஆசாரி கேட்டதை அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை தூண்ப்பா இருந்தது?" என்றாள்.

"பதினாறு" என்றேன். பிறகு கொல்லைப்புறத்துத் தூண்களைச் சேர்த்தேனா என்று சந்தேகம் வந்து, மறுபடி வாசலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.