அபிராமபுரத்தின் ஆள்கணக்கு

கலிபோர்னியாவில் ஊர் எல்லைதோறும் ஒரு பச்சைப் பலகை நிற்கும். ஊரின் பெயர், மக்கள்தொகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், எல்லாம் அதில் இருக்கும். சென்னை அபிராமபுரத்துக்கு அப்படிப் பலகை கிடையாது. மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம் இவற்றுக்கு நடுவே அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

ஆனால் அதன் முகம் தெளிவானது. விடிகாலையில் செயின்ட் மேரிஸ் சாலையிலிருந்து உள்தெருவுக்குள் திரும்பினால் எதிரே வருபவர்களில் பாதிப்பேர் நரைத்த தலை. தனி வீடுகள் இருந்த மனைகளில் இப்போது ஃபிளாட்டுகள். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் தாங்கிய கேட்டுகளுக்குள் பல வீடுகளில் கணவனும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் அறுபது வயதைத் தொட்டவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுவதற்கும் அது 8.6 சதவீதம். தமிழகத்தின் பிறப்பு விகிதமும் 2020இலேயே ஒரு பெண்ணுக்கு 1.4 என்று இறங்கிவிட்டது.

இந்தத் தெருக்களின் அமைதி தானாக வந்ததில்லை. ஏழு மணிக்குள் இன்னொரு கூட்டம் வந்து சேர்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாத்திரம் தேய்த்து, ஈரக் கையோடு அடுத்த ஃபிளாட்டுக்குப் போகும் பெண்கள். மரத்தடியில் இஸ்திரி வண்டியை நிறுத்திக் கரி மூட்டுபவர்.

வாட்ச்மேன் மோட்டார் போடுவார், கார் துடைப்பார். மேல்மாடி மாமிக்குப் பிரஷர் மாத்திரை தீரும் நாள்கூட அவருக்குத் தெரியும். பிள்ளை அமெரிக்காவிலிருந்து போன் பண்ணும்போது, "அம்மா நல்லா இருக்காங்க சார், இப்பதான் பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இப்படி வேலைக்கு வருபவர்களில் பலர் ஒரு காலத்தில் நடந்து வரும் தூரத்தில் இருந்தார்கள். 2022 மே மாதம், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம் இருந்த கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டது பக்கத்து ராஜா அண்ணாமலைபுரத்தில்தான். நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்று பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அங்கிருந்து மந்தைவெளி சுமார் 20 கிலோமீட்டர். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பலர் பழைய வேலையை விடாமல் இருக்க அது பெரிய உதவி. நேரத்தை மட்டும் அது திருப்பித் தராது.

2027 கணக்கெடுப்பில் அபிராமபுரத்து வீடு ஒன்றில் முதியவர் இருவரின் பெயர் பதிவாகும். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் பெரும்பாக்கத்துக் கணக்கில் சேர்வார். மழைநீர் வடிகாலுக்கும் பார்க்கிங்குக்கும் மனு எழுதும் குடியிருப்போர் சங்கங்கள், அவருக்காக அதிகாலையில் இன்னும் நாலு சாதாரணப் பேருந்து வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.