அப்பு கர் இருந்த இடம்

சென்ற மாதம் பேரனுடன் டில்லி உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்தைக் கடந்து செல்ல நேர்ந்தது. "உன் தாய் முதன்முதலாக இராட்டினம் ஏறியது இங்கேதான்" என்றோம். அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்குச் சின்னமாய் விளங்கிய யானைக்குட்டி அப்புவின் பெயரால், 1984 நவம்பர் 19 அன்று அங்கே 'அப்பு கர்' திறக்கப்பெற்றது. 'கர்' என்றால் வீடு. பிழைப்பை நாடி வந்து வாடகை அறைகளில் காலந்தள்ளிய நம்மவர்க்கு ஊர்த் தேரும் திருவிழாவும் ஏது? அக்குறையை அந்த இராட்டினங்களே ஓரளவு தீர்த்தன. புளியோதரைப் பொட்டலத்துடன் பேருந்து ஏறினால், மாலைக்குள் மகிழ்ந்து திரும்பிவிடலாம்.

2008 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. 2019 ஜூலையில் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. நீதிக்கு இடம் வேண்டாமென்று எவர் சொல்வார்? மும்பைவாழ் அன்பர்களும் 1989இல் தோன்றிய எஸ்ஸெல் வேர்ல்டை 2022இல் இழந்தனர். புதிய பூங்காக்கள் வாராமலில்லை. ஆனால் அவை பெரும்பாலும் நகருக்குப் புறத்தே, வாகனமும் வசதியும் உடையோர்க்கே எளிதாக உள்ளன. நகரின் நடுவே, எளிய குடும்பமும் சென்றுவரும்படி குழந்தைகளுக்கென ஓரிடம் ஒதுக்குவதும் நீதியே என்பது எங்கள் கருத்து.

அன்றிரவு பழைய புகைப்படத்தைத் தேடியெடுத்தோம். இரட்டைப் பின்னலுடன் மகள் இராட்டினத்திலிருந்து கையசைக்கிறாள். பேரன் நம்பினான். "நானும் போகவேண்டும்" என்றான். எங்களிடம் விடையில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் படங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.