ஒன்பது மணி ஊசி

எங்கள் வீட்டில் நேரம் தவறாமை என்ற குணம் யாருக்கும் கிடையாது என்றுதான் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவன் வீட்டில் அது இருந்தால்தானே ஆச்சரியம்? ஒரு வாரம் காலையில் போய் மாலையில் வருவேன். மறு வாரம் மாலையில் போய் நடுநிசியில் திரும்புவேன். மூன்றாவது வாரம் பால்காரரும் நானும் சேர்ந்தாற்போலத் தெருவுக்குள் நுழைவோம். இப்படிப்பட்ட வீட்டில் நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது.

ராஜு நாட்டு நாய். எட்டு வயது. திடீரென்று தண்ணீர் வைக்க வைக்கக் குடித்தது. ராத்திரியில் மூன்று தரம் கதவைப் பிறாண்டி வெளியே போயிற்று. முன்னைவிட அதிகமாகத் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாதான், "ஏண்டா, உங்க அப்பாவுக்கு வந்ததே இதுக்கும் வந்திருக்கோ?" என்றாள். அம்மா இலவசமாகச் சொன்னதையே மிருக வைத்தியர் ரத்தம் பரிசோதித்து, பணம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

12 மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பாடு. சாப்பிட்டதும் தோலைத் தூக்கிப் பிடித்து இன்சுலின் ஊசி. காலை 9, இரவு 9 என்று வைத்துக்கொண்டோம். மருந்து ரத்தத்தில் மெள்ள வேலை செய்து, உச்சத்துக்குப் போய், இறங்கும். சாப்பாடு அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். "ஒரு வேளை விட்டுப் போனால் சமாளிக்கலாம். ஒரு வேளைக்கு இரண்டு தரம் போட்டால் ஆபத்து. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள்" என்றார் வைத்தியர்.

நாய்க்கு இத்தனை உபசாரமா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. 1921-இல் டொரண்டோ சர்வகலாசாலையில் பான்டிங்கும் பெஸ்ட்டும், கணையத்தை அகற்றிய நாய்களுக்குத்தான் இந்த மருந்தை முதலில் போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான், 1922 ஜனவரியில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். நாய்கள் கொடுத்த கடனில் ஒரு துளியைத்தான் ராஜுவுக்குத் திருப்பித் தருகிறேன் என்று பதில் சொல்வேன்.

கடன் திருப்புவது லேசா? நான் ஆபீஸில் இருக்கும் இரவுகளில் அம்மா ஊசி போட்டாள். நான் வீட்டில் இருக்கும் இரவுகளில் நான். ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தேன். செல்பேசி உயிரை விட்டிருந்தது. அம்மா படுத்துவிட்டாள். ராஜுவின் தட்டு காலியாக இருந்தது. சோற்றைப் போட்டேன். ஆவலாகத் தின்றது. இரண்டாம் சாப்பாட்டை மறுக்கும் நாய் உலகத்தில் உண்டா? ஊசியைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஒரு மணிக்கு ஏதோ விழுந்த சத்தம். ராஜு குடித்தவனைப்போலத் தள்ளாடிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். அம்மா எழுந்து வந்து பார்த்தாள். "நீயும் போட்டியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அடுத்த நிமிஷம் தேன் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்து அதன் ஈறில் தேனைத் தடவினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுகோஸ் ஏறியது. விடியும்போது ராஜு வாலை ஒரு தரம் அசைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய வண்ணான் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தாள். "சொல்லி வைக்காதது என் தப்பு. இப்படி எழுதி வச்சிருக்கணும்" என்றாள்.

நோட்டில் துணிக்கணக்கு இல்லை. அப்பாவின் ஊசிக் கணக்கு இருந்தது. தேதி, மணி, எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டார் என்று பென்சிலில் வரி வரியாக எழுதியிருந்தாள். அப்பா ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. அவருக்கும் ஷிப்டு வேலைதான். பகல் டூட்டிக்கு ஒரு நேரம், இரவு டூட்டிக்கு ஒரு நேரம் என்று டாக்டரைக் கேட்டுப் பிரித்து எழுதியிருந்தாள். சில நாட்களில் அதிகாலை 4 மணி என்று இருந்தது.

அப்பா டூட்டி முடிந்து வரும்வரையில் அம்மா விழித்திருப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அதைப் பதிபக்தி என்று முடிவு கட்டி, ஒரு நாவலில் இரண்டு பக்கம் உருகி எழுதியும் இருக்கிறேன். அவளோ யூனிட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தூங்கினால் ஓர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவளின் விழிப்பு அது. நான் வரும் நேரத்துக்கெல்லாம் சோறு சூடாக இருந்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இப்போது புது நோட்டு ஒன்று பிரிட்ஜ் பக்கத்தில் நூலில் தொங்குகிறது. கூடவே பென்சிலும். போட்டவர் எழுத வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் சீசாவைத் தொடக்கூடாது. எழுத்தைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்த ஒரு வரிதான் முதலில் மறந்து மறந்து போயிற்று.

போன வாரம் எனக்கு இரவு ஷிப்டு. 9 மணிக்கு ஆபீஸிலிருந்து கூப்பிட்டேன்.

"சாப்பிட்டுது. போட்டாச்சு. எழுதியாச்சு" என்றாள் அம்மா.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "இன்னிக்கு என்னடா புதுசாக் கேட்கறே?" என்றாள்.