ஆடுகின்ற மேசையும் இறுகாத திருகாணியும்

மேசையின் ஆட்டம் இருவகைப்படும். நிலம் சமனற்றிருப்பதனால் நான்கு கால்களுள் ஒன்று நிலத்தைத் தொடாது நிற்க, முழங்கை பட்டவுடன் ஒரு மூலை தாழ்ந்து மறுமூலை எழுவது ஒருவகை. இதற்கு மடித்த காகிதத் துண்டொன்றே மருந்தாகும். கால்கள் நான்கும் நிலத்திலே ஊன்றியிருக்க, மேற்பலகை மாத்திரம் இடமும் வலமுமாக அசைவது மற்றைய வகை. பெரும்பாலோர் இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை. ஆட்டத்தைக் கண்டவுடனே திருப்புளியைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர்.

பகுதி பகுதியாகக் கழற்றிப் பெட்டியிலடைத்து விற்கப்படும் தளபாடம் நம் காலத்துப் புதுமையன்று. மிக்கேல் தோனெற் 1859இல் அறிமுகஞ்செய்த 14ஆம் இலக்கக் கதிரை 6 மரத்துண்டுகளும் 10 திருகாணிகளும் 2 சுரைகளும் கொண்டது. கழற்றிய நிலையில் இத்தகைய 36 கதிரைகளை ஒரு கன மீற்றர் பெட்டியொன்றினுள் அடக்கிக் கப்பலேற்ற முடிந்தது. ஆயினும் தோனெற் பயன்படுத்தியது நீராவியில் வளைத்த பீச் மரம். அதன் நீண்ட நார்களை ஊடறுத்துச் சென்ற ஆணியை அந்நார்களே பற்றிக்கொண்டன. இன்றைய பெட்டித் தளபாடம் பெரும்பாலும் மரத்துகள்களைப் பிசினோடு கலந்து, சூடேற்றி அழுத்திய பலகையால் ஆனது. மேலே மரத்தின் கோலம் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். உள்ளே நார் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அசைகின்ற ஆணி தன் துளையைத் தானே அரைக்கிறது. தளர்ந்ததென்று எண்ணி மேலும் முறுக்கினால், எஞ்சியிருந்த மரைத்தடமும் பொடியாகி, ஆணி வெறுமனே சுழலத் தொடங்குகிறது.

கொக்குவிலில் வாடகை அறையொன்றிலிருந்து படிக்கும் மாணவி ஒருத்தியின் மேசை இந்நிலையை எய்தியிருந்தது. புலமைப்பரிசிற் பணத்தில் மிச்சம் பிடித்து அவள் வாங்கிய மேசை அது. அவளுடைய தகப்பனார் வன்னியிலே தச்சுத் தொழில் செய்பவர். மகளுக்கு வேப்பமரத்தில் மேசை செய்து தருவதாகச் சொன்னவரும் அவரே. ஆனால் அதனை லொறியில் ஏற்றி இறக்கும் செலவு, கடையிலே பெட்டியில் விற்கும் மேசையின் விலையை விஞ்சியது. அதன்பின் தகப்பனும் மகளும் மேசையைப் பற்றிப் பேசவில்லை. ஊரிலும் இப்பொழுது அவருக்குக் கதவுநிலை வேலைதான் கிடைக்கிறது. மேசை, அலுமாரி வேண்டுவோர் நகரத்துக் கடைக்குப் போய்விடுகின்றனர்.

மகளைப் பார்க்க வந்தவர் மேசையை விரல்மொட்டியால் தட்டிப் பார்த்தார். பின்னர் கையை வைத்து மெல்ல அசைத்தார்.

“நல்லா இறுக்கினா நிக்காதோ, அப்பா?”

“இன்னும் முறுக்கினா உள்ளுக்கை மாவாத்தான் போகும், பிள்ளை.”

மேசையின் பின்புறத்தில் அறைய வேண்டிய மெல்லிய பலகை சுவரோரம் சார்த்திக் கிடந்தது. சுவரோடு நிற்கும் மேசைக்கு முதுகு எதற்கு என்று, பூட்டும்போதே அதனை ஒதுக்கிவிட்டிருந்தாள். “இதை ஏன் விட்டனீ?” என்றார். அழகுக்காக வைக்கப்பட்ட பலகையன்று அது. நான்கு பக்கச் சட்டம் எளிதிற் சரிந்து இணைகரமாகும். அச்சரிவைத் தடுத்து நிறுத்துவது அந்த மெல்லிய பலகையே. அது இல்லாதபோது பாரம் முழுவதையும் மூலை ஆணிகள் சுமக்க நேர்கிறது. துளையிலே கழுந்தை இறக்கி மர ஆணி அறைந்து பழகியவருக்கு இதனைக் கண்டுபிடிக்கக் கணநேரமும் தேவைப்படவில்லை.

ஆணிகளை அவர் அரைவாசிக்குத் தளர்த்தினார். ஒரு நூலை மூலைக்கு மூலை பிடித்து, இரு குறுக்களவுகளும் ஒத்து வரும்வரை சட்டத்தைத் தட்டி நேராக்கினார். அதன் பின்னரே முதுகுப் பலகையை அறைந்தார். சுழன்றுகொண்டிருந்த ஆணிகள் மூன்றையும் முற்றாகக் கழற்றி, துளைகளில் மரப்பசையை விட்டு, மருந்து நீக்கிய நெருப்புக்குச்சிகளைச் செருகி மட்டமாக நறுக்கினார். கடைக்காரர் நீளமான ஆணியைத்தான் விற்பார். பலகையின் கனம் அறியாது அதனை ஏற்றினால் முனை மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும்.

பசை காய ஒரு நாள் வேண்டும். அவருக்கோ மறுநாள் ஊரிலே நிலையொன்று நிறுத்த வேண்டியிருந்தது. “நாளைக்குக் கையாலை முறுக்கு. மெல்ல வலப்பக்கம் திருப்பு” என்று சொல்லிவிட்டு மாலை பஸ்ஸில் புறப்பட்டார். அன்றிரவு ஒப்படையைப் பாயில் குந்தியிருந்தே எழுதி முடித்தாள். மறுநாள் மூன்று ஆணிகளையும் அவர் சொன்னபடியே திருப்பினாள். ஒவ்வொன்றும் குச்சிகளுக்குள் பற்றிக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது. தலை பலகையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

இரவு தொலைபேசி ஒலித்தது. ஒப்படையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“துளைக்குள்ளை நிண்டுதோ?”

“நிண்டிட்டுது, அப்பா.”

“அப்ப சரி. இழுக்கிறதெண்டா, தூக்கி வை. அரக்காதை.”