ஊசி உட்காரும் இடம்

மாங்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காமாட்சியம்மனைத் தரிசிக்கவே போகிறார்கள்; நான் போனதோ, புரட்டாசி பிறந்ததும் சுற்றுவட்டாரத்துப் பெட்ரோல் எஞ்சின்களெல்லாம் வந்து கூடுகிற ஒரு சிறு பட்டறையை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று நண்பர் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததனால். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நாளையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் மறவாத குடியிருப்புக்காரர்கள், ஒரு பம்ப்செட்டோ ஜெனரேட்டரோ வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுக்கிறபோதுதான் அது கிளம்பாது என்பது தெரியவரும். கனடாவில் குடியேறிய நம்மவர்கள், முதற்பனி விழுந்த காலையில் பனி தள்ளும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும் இதே வியாதியினால்தான்.

வியாதியின் மூலம் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மிஞ்சி நிற்கிற பெட்ரோல். மாதக்கணக்கில் கிடந்தால் அதில் ஆவியாகக் கூடியது ஆவியாகிவிட, எஞ்சியது பிசினாகிப் பித்தளை ஜெட்டுகளின் துவாரங்களை அடைக்கிறது. போதாததற்கு, இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனாலோ காற்றின் ஈரத்தை வலிய ஈர்க்கும் சுபாவமுடையது. பட்டறைக்காரர் ஒரு கிண்ணத்தைக் கழற்றி என் முகத்தருகே நீட்டினார்: அடியில் தேன்நிறப் பிசின், ஓரமெங்கும் வெண்பொடி பூத்த அரிப்பு, புளித்த வார்னிஷ் நெடி.

குறுகிய குழலில் காற்று வேகங்கொள்ளும்போது அங்கே அழுத்தம் குறைகிறது என்று 1797-இல் இத்தாலியரான வெஞ்சுரி எழுதிவைத்த தத்துவந்தான் கார்பரேட்டரின் ஜீவன். அழுத்தம் குறைந்த அவ்விடத்துக்குக் கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாகத் தானே ஏறிவருகிறது. எவ்வளவு ஏறலாம் என்பதை நிர்ணயிப்பது ஜெட்டின் துவாரம். ஸ்லோ ஜெட்டில் அது அரை மில்லிமீட்டர்கூட இராது. சாமான்ய மெக்கானிக்குகள் கிளட்ச் வயரின் ஓர் இழையைப் பிய்த்து அதில் குத்திவிடுகிறார்கள். இவரோ ஜெட்டைத் தின்னரில் ஊறவைத்து, தூண்டில் நரம்பின் மெல்லிய துண்டொன்றை உள்ளே செலுத்தி, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். திருப்தியில்லையென்றால் மறுபடியும் தின்னர்.

"கம்பியில குத்தினா ரெண்டு நிமிஷ வேலை சார். ஆனா பித்தளை மெத்துனு இருக்கும். ஓட்டை மயிரளவு பெருத்தாலும் அப்புறம் அது வேற ஜெட்டு. வண்டி பெட்ரோல் குடிக்கும், பிளக் கருக்கும், கஸ்டமர் எஞ்சினைத் திட்டுவான்."

அவர் வேலை பழகியது பூந்தமல்லியில் ஒரு புல்லட் பட்டறையில். திருவொற்றியூரில் 1955-இல் பிறந்த புல்லட் கம்பெனியின் வண்டிகளும், மிக்கார்ப் கார்பரேட்டரும், சோக்கும் அவருக்கு இளமை நினைவுகள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்து புதிய வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிடவே, பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் பழைய வண்டிகளுமே அவருக்கு ஜீவனோபாயமாயின. காற்றும் பெட்ரோலும் கலக்கிற ஸ்குரூவை அவர் திருப்பித் திருப்பிச் சரிசெய்த நுட்பம் எனக்குப் பிடிபடவுமில்லை, உண்மையைச் சொன்னால் சற்று அலுப்பாகவும் இருந்தது. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது ஒன்றுண்டு. குடியிருப்புகளிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து சேர்ப்பவர் ஒரு புரோக்கர். "கார்பரேட்டர் போச்சு, புதுசு போட்டோம்" என்று குடியிருப்போர் சங்கத்திடம் முழுவிலையை வசூலித்துவிட்டு, பழையதையே உயிர்ப்பித்துத் தந்த இவருக்குக் கழுவுகூலி மட்டும் கொடுத்துப் போகிற சாமர்த்தியத்தை வியாபாரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்தத் தரகரை மட்டும் நொந்து பயனென்ன? பெட்டியில் வந்த போலிப் பொருளுக்குப் பேசாமல் பணம் தருகிற நாம்தானே, ஒரு மனிதனின் பார்வைக்கும் பொறுமைக்கும் பில் எங்கே என்று கேட்கிறோம்! பெருத்துப்போகாத துவாரத்தை எந்த ரசீதில் எழுதுவது?

கடைசிச் சோதனை, கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் ஊசிக்கு. ரப்பர் முனையில் தேய்ந்த வளையம் தெரிந்த பழைய ஊசியை மாற்றி, கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய்வைத்து ஊதினார்; காற்று இம்மியும் புகவில்லை. ஊசி இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அம்பிகை பஞ்சாக்கினி நடுவே ஊசிமுனையில் ஒற்றைக்கால் ஊன்றித் தவமிருந்ததாகச் சொல்லும் ஸ்தலத்தில் இதைப் பார்க்க நேர்ந்தது யதேச்சையே என்று அவரிடம் சொன்னேன். "அம்மாவுக்கு ஊசி மேல நிக்கணும், எனக்கு ஊசி உள்ள உக்காரணும்" என்று சிரித்தார்.

இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓட்டம் நிதானப்பட்டதும் பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணம் வறண்டு அது தானாகவே அணையும்வரை ஓடவிட்டார். எடுத்து வைக்கும்போதெல்லாம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள் என்று புரோக்கரிடம் கூறினார்.

"எல்லாரும் மூடி வச்சிட்டா அடுத்த புரட்டாசிக்கு உங்ககிட்ட யாருண்ணே வருவா?"

"வருஷாவருஷம் சொல்றேன். இதுவரைக்கும் ஒருத்தன் மூடினதில்லே."