பொறுத்தருள்க என்னும் சொல்

நெருப்புச் சுட்ட புண் ஆறினாலும் நாக்குச் சுட்ட வடு ஆறுவதில்லை என்னும் உண்மையை அடக்கமுடைமை அதிகாரத்தில் வைத்தார் திருவள்ளுவர். பிறர் செய்த பிழையைத் தாங்கிக்கொள்ளும் பெருமையைப் பேசுதற்கென்றே பொறையுடைமை என்னும் பதினாறாம் அதிகாரத்தையும் வகுத்தார். ஆயினும், பிழை செய்தவன் எழுந்து சென்று, புண்பட்டவன் முன் நின்று, பொறுத்தருளுமாறு கேட்பது எங்ஙனம் என்பதற்குக் குறளில் தனி அதிகாரம் இல்லை. பொறுப்பவன் பாதி வழி நடந்து வந்து காத்து நிற்கிறான். எஞ்சிய பாதியை நடக்க வேண்டியவன் எப்படி நடப்பது? இச்சிறு கட்டுரை அந்த எஞ்சிய பாதி வழியைப் பற்றியதே.

களமசேரியில் குடியிருக்கும் எனக்கு, ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்லும் கடமை ஒன்று உண்டு. வந்தவர்கள் அரண்மனையையும் மிளகு மண்டிகளையும் பார்த்து மகிழ்வார்கள். எனக்கோ அச்சிறிய நிலப்பரப்பு ஒரு பள்ளிக்கூடமாகவே தோன்றுவதுண்டு. பல மொழியினரும் பல சமயத்தினரும் தோளோடு தோள் உரசி வாழ்ந்த இடம் அது. நெருங்கி வாழ்வோர் ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இருத்தல் அரிது. ஆகவே அங்கு வாழ்ந்தோர், புண்ணை ஆற்றும் முறையையும் தத்தம் மரபிலிருந்து கொண்டுவந்திருக்கின்றனர்.

குஜராத்தித் தெருவில் 1904-ஆம் ஆண்டு எழுந்த தர்மநாதர் சமணக் கோயில் இருக்கிறது. நண்பகலில் புறாக் கூட்டத்துக்கு இரை தூவும் காட்சியைக் காணவே பலர் செல்வர். ஆனால், அங்கு வழிபடும் சுவேதாம்பரச் சமணர்களிடம் அதனினும் அழகிய வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பாத்ரபத மாதத்தையொட்டிய பர்யூஷண நோன்பு எட்டு நாள் நடைபெறும். இறுதி நாளாகிய சம்வத்சரியன்று, உற்றார், அண்டை வீட்டார், வணிகத்தில் உடனுழைப்போர் ஆகிய அனைவரிடமும் அவர்கள் ‘மிச்சாமி துக்கடம்’ என்று சொல்லுவர். பிராகிருத மொழித் தொடர் அது. ‘என் தீச்செயல் பயனற்றுப் போகுக’ என்பது அதன் கருத்து. மூத்தவர் இளையவரிடம் சொல்லுவதும், முதலாளி வேலையாளிடம் சொல்லுவதும் அந்நாளில் இழுக்காகக் கருதப்படுவதில்லை. கணக்கை ஆண்டிறுதியில் முடித்துப் புதுக்கணக்குத் தொடங்கும் வணிகக் குலத்தார், மனக்கணக்கையும் அவ்வாறே முடித்துக்கொள்கின்றனர் போலும்!

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூதர் ஜெபாலயம் நிற்கிறது. அவ்வூர் யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களுடைய ஆண்டுப் பெருநோன்பு ‘யோம் கிப்பூர்’ எனப்படும் பரிகார நாள். அந்நோன்பைப் பற்றி யூத அற நூலாகிய மிஷ்னா கூறும் விதி ஒன்று என்னை வியக்க வைத்தது. இறைவனுக்கு எதிராகச் செய்த பிழையை அந்நாள் போக்கும். சக மனிதனுக்கு எதிராகச் செய்த பிழையையோ, அம்மனிதனை நேரில் அமைதிப்படுத்தும் வரையில் அந்நாளும் போக்காது என்பதே அவ்விதி. பின்னர் வந்த மைமோனிடீஸ் என்னும் பேரறிஞர், முதல் முறை இணங்காதவனிடம் மூன்று முறை வரையில் மூவர் மூவராக நண்பரை அழைத்துக்கொண்டு சென்று கேட்க வேண்டும் என்று வரையறுத்தார். அதே சூழ்நிலை மீண்டும் வாய்த்து, அப்பிழையைச் செய்ய வல்லமை இருந்தும் செய்யாதிருப்பவனே உண்மையில் திருந்தியவன் என்றும் அவர் உரைத்தார். கோயிலில் உண்டியல் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் விழிக்காமல் திரும்பும் நமக்கு இஃது எத்துணைப் பெரிய பாடம்!

விதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் அத்தெருவே சான்று. முன்னாளில் அந்த ஜெபாலயத்தில் யூதருள்ளேயே ஒரு பிரிவினர் சரிசமமாக அமரவும் ஓதவும் முடியாத நிலை இருந்தது. அப்பிரிவில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் அங்கேயே அறப்போர் நிகழ்த்தினார். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நீங்கின. ஆண்டுதோறும் பரிகார நோன்பு நோற்றவர்களுக்கும், பக்கத்தில் நிற்கும் உடன்பிறப்பின் புண் கண்ணில் படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. சடங்கு நாளைக் குறித்துக் கொடுக்கும். பிழையைத் தேடிக் காண வேண்டியவன் மனிதனே. இன்று அந்த யூதர் தெரு சேலத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது.

நம் தமிழ் மரபில் இதற்குச் சான்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சேர நாட்டில் வாழும் நமக்கு மிக உரிய காப்பியமாகிய சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது, கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி சிலம்பை உடைத்தாள். முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அந்நொடியில் அரசன் என்ன செய்தான்? பொற்கொல்லன் ஏமாற்றினான் என்று கூறவில்லை. காவலர் அவசரப்பட்டனர் என்று கூறவில்லை. தான் அரசனல்லன், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் நீத்தான். அவனுடைய சொற்களில் ‘ஆனால்’ என்பதே இல்லை. ஆகவேதான் பிழை செய்த அரசனையும் நாம் இன்றளவும் மதிக்கிறோம்.

அதே நூலின் உரைபெறு கட்டுரையில் மற்றொரு செய்தியும் உண்டு. அடுத்து வந்த வெற்றிவேற்செழியன், நாட்டின் வறட்சியும் நோயும் நீங்குதற்காகக் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பதே அது. நெடுஞ்செழியன் பழியைத் தன்மேல் ஏற்றான். வெற்றிவேற்செழியனோ அதை ஒரு குலத்தின் தலைமேல் இறக்கினான். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பழியை ஏற்றலுக்கும் பழியைத் தள்ளுதலுக்கும் உள்ள தொலைவு விளங்குகிறது. குற்றமற்ற ஆயிரவரின் குருதியினும், ‘தவறு என்னுடையது’ என்னும் ஒரு சொல்லே விலையுயர்ந்தது.

தனி மனிதர்க்கேயன்றி நாடுகளுக்கும் இச்சிக்கல் உண்டு. 1914-ஆம் ஆண்டு, பெரும்பாலும் சீக்கியர்களான 376 இந்தியரை ஏற்றிச் சென்ற கோமகதா மாரு என்னும் கப்பல் கனடாவின் வான்கூவர் துறையில் தடுக்கப்பட்டது. பெரும்பாலோர் தரையிறங்க முடியாமலே திருப்பி அனுப்பப்பட்டனர். நூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2016-ஆம் ஆண்டு மே 18 அன்று, கனடாவின் அந்நாளைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கோரினார். ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டு நெருங்கிய 2019 ஏப்ரலில் அந்நாளைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே அம்மையாரும் நாடாளுமன்றத்தில் பேசினார்; ஆழ்ந்த வருத்தம் என்றாரேயன்றி, மன்னிப்பு என்னும் சொல்லை எட்டவில்லை. மழை பெய்து திருமணப் பந்தல் நனைந்தாலும் நாம் வருத்தம் தெரிவிக்கிறோம். வருத்தத்துக்குச் செய்தவன் தேவையில்லை. மன்னிப்புக் கோரலுக்கோ ‘நான்’ என்று முன்வர ஒருவன் வேண்டும்.

இனி, என் வாழ்விலிருந்து ஒன்று கூறுவேன். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் கொதித்தெழுந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இரு மாநில எல்லையிலும் பதற்றம். நம் குடும்பங்களில் பலர் பேருந்தில் உரக்கத் தமிழ் பேசவும் தயங்கிய காலம் அது. அந்நாளில் நான் பணியாற்றிய அலுவலகத்தில், நண்பகல் உணவு வேளையில் அணையைப் பற்றிய பேச்சு முற்றியது. மூத்த அலுவலர் ஒருவர், நான் சேட்டன் என்று அழைத்துப் பழகியவர், என்னைச் சுட்டிப் ‘பாண்டி’ என்று சொல்லி, அதன்மேல் ஓர் ஏளனமும் உரைத்தார். சிலர் சிரித்தனர். பாண்டி நாட்டான் என்பது ஒரு காலத்தில் வெறும் ஊர்ப்பெயர். முத்தும் தமிழும் விளைந்த நாட்டின் பெயர். அது வசைச்சொல்லாகித் தொண்டைக்குள் சிக்கியபோது என் சோறும் அங்கேயே நின்றுவிட்டது. அன்றிரவே சென்னைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, அலுவலக மேசை இழுப்பறையில் வைத்தேன். என் மனைவியும் அதையே விரும்பினாள்.

மறுநாள் அவர் என் மேசையருகே வந்து, ‘எந்தெங்கிலும் விஷமம் தோன்னியெங்கில் ஸாரி’ என்றார். ஏதேனும் வருத்தம் தோன்றியிருந்தால் என்பது பொருள். நம் மொழியில் விஷமம் என்பது குறும்பு. அவர் மொழியில் அது துன்பம். ஆனால் என்னைத் தைத்தது அச்சொல்லன்று. ‘இருந்தால்’ என்னும் அந்த ஐயமே. சுட்டதா இல்லையா என்று சூடு வைத்தவர், சுடப்பட்டவனையே கேட்டுத் தெரிந்துகொள்வது போலிருந்தது. ‘சரி சேட்டா’ என்றேன். மனு இழுப்பறையிலேயே இருந்தது.

நான்கு நாட்கள் சென்றன. அதே உணவு வேளை, அதே மேசை, சிரித்தவர்களும் இருந்தனர். அவர் எழுந்து நின்றார். ‘அன்று நான் இவரைப் பாண்டி என்று அழைத்தேன். விளையாட்டாகச் சொன்னதில்லை, சிறுமைப்படுத்தத்தான் சொன்னேன். அது தவறு. இவர் என்னைப் பொறுக்கணம்’ என்று மலையாளத்தில் கூறிவிட்டு அமர்ந்தார். என் முகத்தைப் பார்த்து விடையை எதிர்பார்க்கவுமில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு உடனே மனம் இளகிவிடவில்லை. சில வாரங்கள் அவரோடு அளவாகவே பேசினேன். அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னொரு நாள், வேறொருவர் அச்சொல்லை வேறொரு தமிழரைப் பற்றிச் சொன்னபோது, நான் வாய் திறக்குமுன் அவரே, ‘அச்சொல் இங்கு வேண்டா’ என்று தடுத்தார். அன்று மாலைதான் நான் அவரோடு தேநீர் அருந்தச் சென்றேன். மாற்றல் மனுவை நான் கொடுக்கவே இல்லை.

அவர் இருமுறை கேட்டார். முதன்முறை கேட்டது பலிக்காமல் இரண்டாம் முறை பலித்தது ஏன் என்று பல நாள் சிந்தித்திருக்கிறேன். இரண்டாம் முறை, செய்ததைப் பெயர் சொல்லிச் சொன்னார், காரணம் சேர்க்கவில்லை. புண்படுத்திய இடத்திலேயே, கேட்டவர் செவியிலேயே சொன்னார். பலர் முன் அவமதித்துவிட்டு மறைவில் வந்து மன்னிப்புக் கேட்பவன், கடனைத் தெருவில் வாங்கிவிட்டுச் சில்லறையை இருட்டில் தருபவன். மன்னிப்பை அவர் உரிமையாகவும் கோரவில்லை; காலத்தை என்னிடமே விட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறகு அவ்வாறே நடந்துகாட்டினார்.

காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியிருக்கும் இளமை நிகழ்ச்சியிலும் இக்கூறுகளைக் காணலாம். பதினைந்து வயதளவில், தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறிது தங்கத்தைக் களவாடிய அவர், நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தமக்குத் தண்டனை கேட்டார். இனித் திருடுவதில்லை என்று உறுதி கூறினார். தந்தை கண்ணீர் வடித்துக் கடிதத்தைக் கிழித்தெறிந்தார். நினைத்துப் பாருங்கள், அக்கடிதத்தில் ‘ஒருவேளை தவறாக இருந்தால்’ என்று இருந்திருப்பின், அத்தந்தைக்குக் கண்ணீர் வந்திருக்குமா?

நம் வீடுகளில் மூத்தோர் இளையோரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. கடிந்துகொண்ட தந்தை மாலையில் அல்வாப் பொட்டலத்தோடு வருவார். சினந்த தாய், ‘ஆறிப் போகுது, சாப்பிட வா’ என்று தட்டை வைப்பாள். அவற்றில் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால், அல்வாவை உண்ட பிள்ளைக்கு, அடித்தது தவறா, தான் செய்தது தவறா என்பது தெரியாமலே போய்விடுகிறது. ‘நான் சொன்னது தவறு, கண்ணு’ என்று ஒரு தந்தை சொன்னால், அவர் உயரம் குறைவதில்லை. பிற்காலத்தில் அப்பிள்ளை தன் மனைவியிடமும், தன் கீழ்ப் பணிபுரிவோரிடமும் எப்படிக் கேட்பது என்பதை அன்றே கற்றுக்கொள்கிறது. வேற்று மண்ணில் வாழும் நாம், பிறர் நம்மைப் புண்படுத்தியதை எண்ணி வைத்திருக்கிறோம். நம் வீட்டுக்குள்ளும், நம்மிடையே வேலை தேடி வந்துள்ள வடநாட்டுத் தொழிலாளரிடத்தும் நம் நா எப்படிப் புழங்குகிறது என்பதையும் எண்ணுதல் நன்று.

இன்னும் ஒன்று. ‘பொறு’ என்னும் வினை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொத்து. நாம் ‘பொறுத்தருள்க’ என்கிறோம். அவர்கள் ‘பொறுக்கணம்’ என்கின்றனர். சுமை தாங்குதலும் பிழை தாங்குதலும் அவ்வொரு சொல்லில் அடங்கும். என்னால் விளைந்த சுமையை நீ தூக்கி நிற்கிறாய் என்பதை ஒப்புக்கொள்வதே அதன் உட்பொருள். பிரிந்து போன இரு மொழிகளும் அச்சொல்லை மட்டும் பங்கு பிரிக்காமல் வைத்திருக்கின்றன. அதை நாம் நூலில் காத்தால் போதாது, நாவிலும் வழங்குவோமாக.