முருகைக்கல் சுவர்

தூத்துக்குடியில் எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டின் பின்சுவரைச் சென்ற கோடையில் இடிக்க நேர்ந்தது. காரை உதிர்ந்ததும் வெண்ணிறக் கற்கள் தென்பட்டன. அவற்றின்மேல் பூவேலைபோல் நுண்ணிய குழிகள்.

"இது என்ன கல், தாத்தா?" என்று பேரன் வினவினான்.

"கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்" என்றோம்.

"கடலுக்கு அது வேண்டாமா?"

விடை கூற எங்களுக்கு நா எழவில்லை.

அக்காலத்தில் பவளப்பாறையை உடைத்து வள்ளங்களில் ஏற்றி வருவார்கள். ஒரு பகுதி சுவராகும். மறுபகுதி காளவாயில் வெந்து சுண்ணாம்பாகும். அப்பாறைகளே அலையின் வேகத்தை அடக்கித் தீவுகளைக் காத்தன என்பதை யார் எண்ணினார்கள்? இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. 1969இல் சுமார் 20 ஹெக்டேர் பரப்பிருந்த வான் தீவு, 2015இல் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவாய்ச் சுருங்கியிருந்தது.

2001இல் பவளங்களுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. ஆயினும் வெப்பத்தைச் சட்டம் தடுக்குமா? கடல்நீர் மிகச் சூடேறினால், தனக்குள் வாழ்ந்து உணவூட்டும் பாசியைப் பவளம் வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இது நிகழ்ந்தது. 2016இல் கிளைவிட்டு வளரும் பவளங்களே மிகுதியாய் மாண்டன. உருண்டு திரண்டவை பெரும்பாலும் தாங்கி நின்றன. கடல் தன்னை மாற்றிக்கொண்டு பிழைக்க முயல்கிறது. ஆனால் கிளைகள் மடிந்த இடத்தில் சிறு மீன்களுக்கு ஒளிவிடம் குறைகிறது. கடலின் அந்த இழப்பு, கரையில் வலை உலர்த்துவோரின் இழப்புமாகும்.

மனிதரும் வாளாவிருக்கவில்லை. வான் தீவின் முன்னே துளைகளுள்ள கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கியுள்ளனர். அவை அலையை மட்டுப்படுத்துகின்றன. மீன்களும் அங்கே அடைகின்றன. உயிருள்ள பவளத் துண்டுகளைப் பலகைகளில் பொருத்தி ஆய்வாளர்கள் வளர்த்தும் வருகின்றனர். உடைத்தெடுக்கச் சில நாழிகை போதும். வளரவோ பல்லாண்டுகள் வேண்டும்.

பாட்டனாரைக் குறை கூற நாங்கள் துணியோம். அவர் அறியாமற் செய்தார். நாமோ, நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் கடலைச் சூடாக்குவதை அறிந்தே எரிக்கிறோம். நாளை நம் பேரர்கள் நம் சுவர்களைப் பெயர்த்துப் பார்த்தால், நமக்கு என்ன சாக்கு எஞ்சும்?

புதுச் சுவர் எழுந்துவிட்டது. பழைய கல்லொன்றைத் திண்ணையில் வைத்திருக்கிறோம். தாமதமாயினும் பேரனுக்கு விடை கூறினோம்:

"வேண்டும், ராசா. கடலுக்கு அது வேண்டும்."